வியாழக்கிழமைக்கு ஓர் ஆள்

லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், மெக்கானிக் முதலில் வாயைத் திறக்க வேண்டும். சாவி, ஸ்பேனர் எல்லாம் அப்புறம். உள்ளே இருப்பவர் பயத்தில் கதவை நெம்பத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். அதனால் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழையைப் பற்றிப் பேசலாம், சாலை நெரிசலைப் பற்றிப் பேசலாம், உலகத்தில் உள்ள மேனேஜர்களை எல்லாம் ஒரு பிடி பிடிக்கலாம். நம் லிஃப்ட்காரர் இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறார். சாத்திய கதவோடு பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"நீங்க என்கிட்ட நாலு வார்த்த பேசணும்னா, நான் போய் ஒரு லிஃப்ட்ல மாட்டிக்கணும் போல" என்பாள் அவருடைய மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாய் கொஞ்சம் காரம்.

அவள் கேலி செய்ய இன்னொரு காரணமும் உண்டு. ஊர் லிஃப்டுகளை எல்லாம் ஓட வைக்கிற மனுஷன் குடியிருப்பது லிஃப்டே இல்லாத பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில். எதிர்வீட்டில் தையல் அக்கா. தனி ஆள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தையல் மெஷினோடே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். ஒரு மெஷின் நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே இழுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்பும்.

டாக்ஸி பிடித்துப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் தோன்றும். மூன்று மாடி இறங்க அக்காவுக்குப் பதினைந்து நிமிஷம் ஆகும், அதுவும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டால். எந்த டாக்ஸிக்காரர் மேலே ஏறி வந்து கை கொடுப்பார்? ஒருமுறை ஒருவர் கீழே நின்று ஆறு நிமிஷம் ஹாரன் அடித்துவிட்டுப் பொறுமை இழந்து கிளம்பிப் போய்விட்டார். அக்கா அப்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இந்த மாதிரி ஆட்களுக்காகவே அந்தப் பேட்டையில் ஒரு குழு இருந்தது. தனியாக ஆஸ்பத்திரி போக முடியாதவர்களைச் சொந்தக் காரில் கூட்டிப் போகும் தொண்டர்கள். சமூகக் கூடத்தின் பின்னறையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓட்டுபவர் பெயர். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். கஷ்டம் என்னவென்றால், பலகையில் இருந்தவர்களிலேயே சின்ன வயசு அறுபத்தாறு. ஒருவருக்குக் கண்ணில் புரை, ஒருவருக்கு முழங்கால், ஒருவரை மகள் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு பெயராக அழிந்து, கடைசியில் வியாழக்கிழமைக் கட்டம் வெறும் வெள்ளையாக நின்றது. மதியம் திரும்பக் கூட்டி வர கண்டக்டர் இருந்தார். விடியற்காலை இருட்டில் அவருக்கும் கண் சரியாகத் தெரியாது.

"இந்த வயசுப் பசங்க எல்லாம் எங்கப்பா போயிட்டாங்க?" என்று கண்டக்டர் புலம்புவார். "ஆயிரம் பேர் ஆபீஸ் போறான், ஆயிரம் கார் போகுது. ஒரு கார்ல ஒரு சீட்டு காலியா இல்லையா?"

லிஃப்ட்காரரே ஓட்டினால் என்ன? ஓட்டத்தான் செய்தார். ஆனால் அவர் வேலை அப்படி. ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்தால் அரை மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். அவரை நம்பி எதையும் வைக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் ஆள் பிடிக்கக் கிளம்பினார்.

எங்கே போய்ப் பிடித்தார் என்கிறீர்கள்? லிஃப்டில்தான்! ஆபீஸ் கட்டடங்களில் மாட்டிக்கொள்கிறவர்கள் பாதிப் பேர் இளம் வயசு, படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள். எப்படியும் அவர்களோடு ஏதாவது பேசியாக வேண்டும். மழையைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் குழுவைப் பற்றிப் பேசினால் குறைந்தா போய்விடும்? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பொறுமையாகச் சொல்வார். "வாரா வாரம் வியாழக்கிழமை காலைல ஒரு மணி நேரம் போதும் சார். பெரிய சேவை." உள்ளேயிருந்து உடனே பதில் வரும். "கண்டிப்பா வர்றேங்க! நம்பர் எழுதிக்குங்க!" அடேயப்பா, என்ன உற்சாகம்! ஆறு மாதத்தில் பதினான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

ஒருவர்கூட வரவில்லை. போன் செய்தால் மீட்டிங்கில் இருந்தார்கள், வெளியூரில் இருந்தார்கள், சிலர் எடுக்கவே இல்லை. ஒரு பல் டாக்டர் மட்டும், இளைஞர், தான் மாட்டிக்கொண்ட அதே கட்டட வாசலில் எதிர்ப்பட்டபோது தயங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு உள்ள இருந்தப்ப நீங்க என் கிட்னியக் கேட்டிருந்தாக்கூட சரின்னு சொல்லியிருப்பேன்."

இதைக் கேட்டு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்னே அடுத்தது வந்தது. யாரோ கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்கள், மெக்கானிக் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு வாக்குறுதி வாங்குகிறார் என்று. மேனேஜர் கூப்பிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட எதையும் கேக்கக் கூடாது. கேட்டதாத் தெரிஞ்சா வேலை போயிடும்." லிஃப்ட்காரருக்கு அவமானமாகப் போயிற்று. தான் கெட்டது எதுவும் செய்யவில்லை என்றாலும், பயந்து நிற்பவனிடம் கேட்டது தப்புதான் என்று அவருக்கே பட்டது.

அதற்கு அடுத்த வியாழன் விபரீதம் நடந்தது. அக்காவைப் பாதிப் படி இறக்கியபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. "நீ போப்பா, நான் மெல்ல ஏறிப் போய்க்கிறேன்" என்றார் அக்கா. அன்று சிகிச்சை தவறியது. சனிக்கிழமை போனபோது கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. நர்ஸ் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: இன்னொரு வியாழன் தவறினால் உயிருக்கே ஆபத்து, அதோடு, தவறவிடுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது, காத்திருக்கிறவர்கள் நிறைய. லிஃப்ட்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வியாழன் ஐந்தரை மணிக்கே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். ஒவ்வொரு படியாக இறக்கி, காரில் உட்கார வைத்து, கிளம்பும்போது மணி ஆறு பத்து. அப்பாடா என்று மூச்சு விட்டு இரண்டு தெரு தாண்டவில்லை, போன் அடித்தது. கம்பெனிப் பெண்.

"ஆள் மாட்டியிருக்குங்க. ஏழு மாடி ஆபீஸ் கட்டடம். ஒரு பொண்ணு, தனியா இருக்கா. மூச்சு முட்டுதுன்னு அழறா."

"வேற யாரும் இல்லையாம்மா?"

"இன்னொருத்தர் ஊருக்கு அந்தக் கோடியில இருக்காருங்க. வர ஒரு மணி நேரம் ஆகும்."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டடம் எந்தப் பக்கம்?" என்றார் அக்கா.

"போற வழிதான். ரெண்டு தெரு உள்ள போகணும்."

"அப்ப போ."

"அக்கா, உங்களுக்கு ஏழு மணிக்கு..."

"எனக்கு ஏழு மணிக்கு. அவளுக்கு இப்பவே மூச்சு முட்டுதாம். பேசிக்கிட்டே நிக்காதப்பா, ஓட்டு!"

ஆறு இருபதுக்கு அங்கே இருந்தார்கள். வாட்ச்மேன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். லிஃப்ட் தரைத் தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே தொங்கியது. பழைய மாடல், உள்ளே கம்பிக் கதவு, வெளிக் கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் உள்ளே நிற்பவளின் செருப்பும் கணுக்காலும் மட்டும் தெரிந்தன. கையால் இறக்குவதென்றால் ஏழாவது மாடிக்கு மேலே உள்ள மெஷின் அறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கத்தினால் கீழே கேட்காது. யார் பேச்சுக் கொடுப்பது?

"அந்த நாற்காலிய இப்படிப் போடுங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அக்கா கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "நான் பாத்துக்கிறேன். என் போன்லேர்ந்து உன் போனுக்குப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டு நீ மேல ஓடு."

லிஃப்ட்காரர் படிகளில் ஓடினார். சட்டைப்பையிலிருந்த போனில் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது.

"யாரு வெளியில?" அழுகைக் குரல்.

"நான் தையல்காரி."

"தையல்காரியா? மெக்கானிக் எங்க?"

"மேல போயிருக்கான். கெட்டிக்காரன், பயப்படாத. எனக்கு உன் கால் மட்டுந்தான் தெரியுது. ஆமா, அந்த பேன்ட்ட யாரு மடிச்சுத் தச்சது? இடது கால் அர இஞ்ச் மேல தூக்கிட்டு நிக்குதே!"

அழுகை சட்டென்று நின்றது. "நெஜமாவா?"

"பின்ன? முப்பது வருஷமா இதத்தானே பாக்குறேன். குனிஞ்சு பாரு."

"அய்யோ, ஆமாங்க! இத மாட்டிக்கிட்டு நான் எத்தன மீட்டிங் போயிருக்கேன்!"

ஐந்தாவது மாடிப் படியில் மூச்சிரைக்க நின்ற லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஓர் ஆர்கிடெக்ட் என்பதும், ஒரு வரைபடத்தை முடிக்க விடியற்காலையே வந்தவள் என்பதும், இதுவரை ஒன்பது கட்டடங்களுக்கு லிஃப்ட் குழி வரைந்திருக்கிறாள் என்பதும் ஏழாவது மாடி போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. "வரையத் தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு அழற?" என்றார் அக்கா.

மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கைக் கையால் தளர்த்தினார். இதற்குக் கீழே ஒருவர் நின்று தரை மட்டம் வந்துவிட்டதா என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் வாட்ச்மேன்கள் 'கொஞ்சம்', 'இன்னும் கொஞ்சம்' என்று உயிரை எடுப்பார்கள். அக்கா எடுக்கவில்லை.

"மூணு அடி இருக்கு... ரெண்டு... ஒரு அடி... ஆறு இஞ்ச்... மெதுவா... ஒண்ணு... அர இஞ்ச்... நிறுத்து!"

அவர் இறங்கி ஓடி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது லிஃப்டின் தரையும் கட்டடத்தின் தரையும் ஒரே கோட்டில் இருந்தன. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் அவருக்கு மட்டம் சொன்னதில்லை.

அந்தப் பெண் வெளியே வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அக்கா தன் பையிலிருந்த சின்னப் பாட்டிலை நீட்டினார். ஒரே மடக்கில் குடித்து முடித்துவிட்டு, "சாரி, எல்லாத்தையும் குடிச்சுட்டேன்" என்றாள்.

"இருக்கட்டும். டாக்டர் கணக்குல எனக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணி. இன்னிக்கு உனக்குன்னு இருந்திருக்கு."

அப்போதுதான் அவள் கண் அக்காவின் வீங்கிய கால்களுக்குப் போனது. "உங்களுக்கு என்னங்க உடம்பு?"

அக்கா இரண்டே வாக்கியத்தில் சொன்னார். லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வேலை போய்விடும். கடிகாரம் ஆறு நாற்பத்தைந்து. பழுது என்னவென்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்காமல் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது இன்னொரு விதி. இன்னும் சற்று நேரத்தில் ஆபீஸ்காரர்கள் வந்து இதே லிஃப்டில் ஏறுவார்கள். விதியாவது ஒன்றாவது, போனால் போகட்டும் என்று கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"என் கார் வெளியிலதான் நிக்குது" என்றாள் அந்தப் பெண். எழுந்து நின்றிருந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரில எந்த வாசலுக்குப் போகணும்?"

எந்த வாசல்! பதினான்கு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

"பின் வாசல்மா. அங்கதான் சரிவுப் பாதை இருக்கு. அக்காவோட வலது கையப் புடிங்க, இடது கையத் தொடாதீங்க. அதுலதான் ஊசி போடுவாங்க."

கார் கிளம்பிப் போனது. அவர் மெஷின் அறைக்குத் திரும்பி, கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாக வேலை பார்த்தார். ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு அக்காவின் போனிலிருந்து அந்தப் பெண் செய்தி அனுப்பினாள்: 'போயாச்சு. நர்ஸ் திட்டினாங்க. ஆனா படுக்க வெச்சுட்டாங்க.' லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் திரும்பி வந்து அவரிடமே கேட்டாள். "அடுத்த வாரம் யார் கூட்டிட்டுப் போவாங்க?"

"யாரும் இல்லமா."

"நான் வரட்டுமா?"

இந்த வார்த்தைக்காகத்தான் ஆறு மாதமாக நாயாய் அலைந்தார். இப்போது தானாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளப் பயமாக இருந்தது. "வேணாம்மா. நீங்க இப்பதான் பயந்து வெளிய வந்திருக்கீங்க. இப்ப சொல்றத நான் எடுத்துக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, அப்பவும் தோணுச்சுன்னா சொல்லுங்க." அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அவருடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை.

"வந்த புள்ளைய விரட்டி விட்டுட்டீங்களே! உங்களுக்குப் பேச வேண்டிய இடத்துல பேசவே தெரியாது" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவரும் தன்னைத்தானே நொந்துகொண்டார்.

திங்கட்கிழமை மதியம் அழைத்தாள். எடுத்த எடுப்பிலேயே, "வாரா வாரம் என்னால முடியாதுண்ணா" என்றாள்.

சரி, இதுவும் போயிற்று. "பரவாயில்லமா" என்றார்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. ஆபீஸ்ல பேசினேன். நாங்க நாலு பேர் இருக்கோம். ஆளுக்கு மாசம் ஒரு வியாழன். அஞ்சாவது வியாழன் வந்தா சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கிறோம். அக்கா கார்ல எல்லாம் சொன்னாங்க. இதுக்கா இத்தன நாள் ஆள் கிடைக்கல?"

அவர் போனைக் காதில் வைத்தபடியே தலையைச் சொறிந்தார். இத்தனை நாளும் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது என்ன? வருஷத்தின் எல்லா வியாழனையும் மொத்தமாக எழுதிக் கொடு என்றல்லவா கேட்டிருக்கிறார்! பெண்டாட்டி பிள்ளையே அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்களே. மாதத்தில் ஒரு காலை என்று கேட்டிருந்தால் அந்தப் பல் டாக்டர்கூட வந்திருப்பார். இது தனக்கும் தோன்றவில்லை, கண்டக்டருக்கும் தோன்றவில்லை, நாற்பது வருஷம் டிக்கெட் கிழித்த மனிதர்! அவள் கேட்டுக்கொண்டே போனாள்: எத்தனை மணிக்கு வர வேண்டும், படியில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், வழியில் மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

ஆனாலும் பட்ட மனசு லேசில் நம்புமா? புதன்கிழமை மாலை அவளிடமிருந்து செய்தி வந்தபோது பாதி உயிர் போய்விட்டது. நாளைக் காலை தனக்கு வேறு வேலை வந்துவிட்டது, நால்வரில் ஒருவர், இளம் இன்ஜினியர், தனக்குப் பதில் வருவார் என்றிருந்தது. முகம் தெரியாத ஆள். போதாக்குறைக்கு லிஃப்ட்காரருக்கு ஊரின் இன்னொரு கோடியில் பராமரிப்பு வேலை, ஆபீஸ் திறக்கும் முன் முடிக்க வேண்டும், ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். மனைவிக்கும் கடையில் காலை ஷிஃப்ட்.

ஆறு மணிக்கு மெஷின் அறையிலிருந்து அக்காவை அழைத்தார். எடுக்கவில்லை. ஆறு இருபதுக்கு எடுக்கவில்லை. ஆறு நாற்பதுக்கும் எடுக்கவில்லை. அக்கா இரண்டாவது மாடித் திருப்பத்தில் சரிந்து கிடப்பது போலக் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. கை கிரீஸில் வழுக்கியது, ஒரு போல்ட்டை மூன்று தடவை கீழே போட்டார். பாவி, நம்பிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஏழு மணி அடித்து இரண்டு நிமிஷம். போன் வந்தது.

"எதுக்குப்பா இத்தன தடவ அடிச்ச?" அக்காதான். பின்னால் மெஷினின் சீரான இரைச்சல் கேட்டது. "போன் பைக்குள்ள கெடந்துச்சு. அந்தத் தம்பி அஞ்சே முக்காலுக்கே மூணாவது மாடிக்கு வந்து கதவத் தட்டிட்டான். ஒவ்வொரு படிக்கும் 'சரியா வர்றீங்களா, சரியா வர்றீங்களா'ன்னு கேட்டே என்னக் கொன்னுட்டான். இன்னிக்கு நான்தான் முதல் ஆள். ஊசி போட்டாச்சு, ரத்தம் ஓடுது."

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சரிக்கா" என்றார்.

"இன்னும் கேளு. போறப்ப என் கையில ஒரு தாள் குடுத்துட்டுப் போயிருக்கான். எந்தத் தேதிக்கு யாரு வருவாங்க, அவங்க நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல எழுதியிருக்கு." எதற்கும் கலங்காத அந்தக் குரல் முதல் தடவையாகக் கம்மியது. "மூணு மாசத்துக்கு எழுதியிருக்காங்கப்பா. மூணு மாசம் கழிச்சு நான் இருப்பேன்னு முடிவே பண்ணிட்டாங்க."

"அழாதீங்கக்கா" என்றார் லிஃப்ட்காரர். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டார்.